சரவெடிக்கு அசையாத குதிரை

போன வாரம்வரை எங்கள் குதிரைக் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பா ஆணியில் தொங்கியது. உள்ளே ஒரு கைப்பிடி ஜல்லி. அதைக் கொண்டுவந்தது மேடம். மாதவரம் பக்கம் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். என்னைவிடச் சின்னவர். என்னை அண்ணா என்பார்.

திருவொற்றியூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது என் தொழில். என் ராணி வெள்ளைக் குதிரை. ராயபுரம்வரை அவளைத்தான் கேட்டு வருவார்கள். காதோரம் பேண்டு அடித்தாலும் காலடியில் சரவெடி வெடித்தாலும் நின்ற இடத்தில் நிற்பாள். கன்டெய்னர் லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டாள். "குதிரையா இது, தேருப்பா" என்பார் பேண்டு மாஸ்டர். எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் வரவர நான் கூப்பிட்டால் அவள் வருவதில்லை. பின்னால் போய்த் தொட்டால் எகிறினாள். ஒரு மாப்பிள்ளை அழைப்பில், பின்னாலிருந்து ஆசையாகத் தட்டிய பெண் வீட்டுக்காரரை உதைத்துவிட்டாள். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. "இனிமே இது நம்ம வூட்ல வாணாம்யா, வித்துடு" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளே அழுதாள். உதைக்கிற கிழட்டுக் குதிரையை வாங்குகிறவன் அதை என்ன செய்வான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால்தான் மேடத்தைக் கூப்பிட்டேன். நான் சொல்வதை ராணி கேட்கும்படி செய்து கொடுங்கள் என்றேன்.

மேடம் ராணியைத் தொடவே இல்லை. வெகுநேரம் அவள் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டப்பாவோடு சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குலுக்கினார். பக்கத்து வீட்டு ஆடு துள்ளி எழுந்தது. கூரைமேல் இருந்த காக்கா பறந்தது. ராணி புல்லை மென்றுகொண்டிருந்தாள். மறுபடியும் குலுக்கினார். மென்றுகொண்டேதான் இருந்தாள்.

"அண்ணா, இதுக்குக் காது கேக்கலணா."

"இன்னா மேடம், டமாஸ் பண்றீங்களா? டெய்லி இதுங்கூடப் பேசிக்கினு கீறேன்."

"நீங்க பேசுறீங்க. அது உங்க கையப் பாத்துக்கினு கீது."

ராணி எங்களிடம் வந்த புதிதில் அவளுக்குக் காது கேட்டது. என் விசிலுக்குக் காதைத் திருப்புவாள். முதல் ஊர்வலங்களில் வெடிச் சத்தத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்து நடுங்குவாள். பிறகு ஒரு சீசனில் நடுக்கம் நின்றுபோனது. பழகிடுச்சு என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் திருஷ்டி சுற்றித் தேங்காய் உடைத்தோம். இப்போது மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் மேடம் சொன்னதையேதான் சொன்னார்.

முன்னால் தெரியும்படி போக வேண்டும், தோளில் கை வைக்க வேண்டும், பின்பக்கம் போகும்போது கையை எடுக்காமல் தடவிக்கொண்டே போக வேண்டும் என்று மேடம் செய்து காட்டினார். செய்தேன். அதற்குப் பிறகு அவள் யாரையும் உதைக்கவில்லை. நாங்களும் அவளை விற்கவில்லை. ஊர்வலத்தை விட்டுவிட்டோம். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறாள். பழக்கம் விடவில்லை, நான் இன்னும் அவளோடு பேசுகிறேன். கை மட்டும் அவள் கழுத்தில் இருக்கும்.

போன வாரம் என் தோஸ்து ஊர்வலத்துக்கென்று ஓர் இளங்குதிரை வாங்கினான். வெடி வெடித்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். "பேஜாரு மாமு. ரெண்டு சீசன் போனா பழகிடும்" என்று சிரித்தான்.

வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தேன். அவன் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று மெதுவாக ஆட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன். குதிரையின் இரண்டு காதும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"இதுக்குக் கேக்குது" என்றேன்.

"கேக்காம இன்னா மாமு?"

"பழகிடுச்சுன்னு தோணுற அன்னிக்கு, இதே மாரி பின்னால நின்னு ஆட்டிப் பாரு."

டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.