மகன் பெயருக்கு முன்னால் இல்லாத சொல்

எங்கள் அக்கா நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரை ஊரொன்றில் பிறந்தார். நான் அவருக்கு இளையவள், ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் அக்காவின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அத்தான் சீக்கிரமே போய்விட்டார். கொஞ்சம் நிலமும் ஒரே மகனுமாக அக்கா நின்றார். அறுக்கலாமா என்று கேட்டால் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துத்தான் சொல்வார். மாரியம்மன் சன்னதியில் மட்டும் எதையும் கடித்துப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார்.

ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறிய காலம். அக்கா மகனும் கல்யாணம் முடிந்த கையோடு துபாய் போனான். சில மாதம் போன் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கூட வேலை பார்த்தவர்களுக்கும் அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

அப்போது கும்பகோணத்தில் எங்கள் சித்தப்பா மகன் வீட்டில் சாமி படத்திலிருந்து விபூதி கொட்டிக்கொண்டிருந்தது. வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். அவர் வேட்டி பட்டானது, பேச்சு அருள்வாக்கானது. ஒருநாள் வந்து அக்கா மகனின் போட்டோவை வாங்கிப்போய்ப் படத்துக்கடியில் வைத்தார். திரும்பி வந்து, விபூதி விழவில்லை, ஆகையால் உயிர் இல்லை, மருமகள் தாலியைக் கழற்றிவிடட்டும், காரியத்தைச் செய்துவிடலாம் என்றார். கூட வந்த சொந்தங்கள் தலையாட்டின. மருமகள் அடுப்படியில் நின்று தாலியைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கொடுத்த விபூதிப் பொட்டலத்தை அக்கா பிரித்து முகர்ந்தார்.

"பவுடர் வாசனை அடிக்குது தம்பி. ஒம் பொண்டாட்டி தேடிக்கிட்டு இருக்கப் போறா."

"நம்பிக்கை இல்லாம பேசாதீங்கக்கா. கண்ணால பாத்தவங்க எத்தனை பேரு."

"கண்ணால பாத்துட்டா அப்புறம் எதுக்குடா நம்பணும்? எம் புள்ள இருக்கான்னு நான் நம்புறேன். தெரியும்னு சொல்லல. ஒனக்கும் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கிட்டு எங்க வீட்டுத் தாலியில கை வைக்காத."

காபியைக்கூடக் குடிக்காமல் போனார். கூட்டம் குறைந்ததும் அவர் வீட்டு விபூதியும் நின்றது. சாமிக்கும் சலிப்பு வரும் போலிருக்கிறது.

மகன் வரவில்லை. கடைசியில் அக்காவுக்குக் கண் தெரியவில்லை. மருமகளின் கழுத்தைத் தடவுவார். தாலி கையில் பட்டதும் தூங்குவார். அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

கருமாதியன்று காக்கை சோறெடுத்ததும், "அக்கா வந்துட்டாங்க" என்று அதே தம்பி கும்பிட்டார். அக்கா படுக்கையில் கிடந்தபோது வீட்டுக்கு வழி தெரியாதவருக்குக் காக்கையில் அடையாளம் தெரிந்துவிட்டது.

இந்த மலரில் மகன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடும்படி அச்சகத்தில் சொன்னவரும் அவர்தான். நானே நேரில் போய் எடுக்கச் சொன்னேன்.

கொள்ளி வைத்த மருமகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், சொன்னதும் அந்தச் சொல்லை எடுத்த அச்சகத்தாருக்கும் நன்றி. மலர் கும்பகோணத்துக்கும் தபாலில் போகும். அக்காவுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அவன் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் அச்சடிக்க மாட்டேன்.