‘தமிழில்’ என்ற இடத்தில் என் பெயர்

அந்தக் காமிக்ஸ் புத்தகம் இப்போதும் என் மேசையில்தான் கிடக்கிறது. உள்ளே இரண்டாவது பக்கத்தில் ‘தமிழில்’ என்று போட்டு என் பெயர் இருக்கிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவனும் நானேதான். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நியாயம் பேசக் கிளம்பிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக் காமிக்ஸ்களைத் தமிழில் போடுகிற பதிப்பகம். பக்கம் கட்டுவது, பிழை பார்ப்பது, அச்சகத்துக்கு அலைவது எல்லாம் நான்தான். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறேன். ஒருநாள் முதலாளி சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, ஒரு வீடியோ கேம் தொடரை வைத்து வரைந்த காமிக்ஸுக்குத் தமிழ் உரிமை கிடைத்துவிட்டது என்றார். பிள்ளைகள் பைத்தியமாக விளையாடுகிற கேம் அது, ஏழு பாகம் வந்திருக்கிறது. தரைக்கு அடியில் ஏழு அடுக்காக ஒரு நகரம். ஒவ்வொரு அடுக்கின் வாசலிலும் ஒரு காவலாள். கையில் ஒரு விளக்கோடு ஒரு பெண் தனியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறாள். “இந்த கேம் இங்க யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். “எனக்கு நல்லா தெரியும் சார்” என்றேன். மொழிபெயர்க்கிற வேலையும் அப்படியே என் கைக்கு வந்தது.

நல்லாத் தெரிந்த லட்சணம், முதல் அடுக்கு வாசலில் நாலு தடவை செத்து, போதும்டா சாமி என்று மூடி வைத்தவன் நான். ஏழு பாகத்தையும் முடித்தவள் என் தங்கை. ஒரு பட்டுச் சேலைக் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். பகலெல்லாம் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் போட்டுவிட்டு வந்து, வீட்டில் பழைய லேப்டாப்பில் விளையாடுவாள். “கண்ணு கெட்டுடும்” என்று அவளை அதிகம் திட்டியவனும் நான்தான்.

நான் எழுதிய முதல் பத்துப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் காட்டினேன். முதல் வாசல் காவலாளைச் செந்தமிழில் உறும விட்டிருந்தேன். “அற்பப் பெண்ணே, என் வாளுக்கு இரையாகாதே” என்கிற ரகம். அவள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், சமையற்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாருண்ணா இப்டி பேசுவாங்க? இவன் கோவக்காரன் இல்ல. சலிச்சுப் போனவன். ஆயிரம் வருஷமா ஒரே வாசல்ல நின்னுக்கினு இருக்கான்.”

“அப்ப எப்படித்தான் பேசுவான்?”

“வரதர் கோயில் கியூல ஒருத்தரு நிப்பாரே, நகரு நகருன்னு. அவரு மாதிரி.”

சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வசனம் வருகிற வெள்ளை வட்டத்தை நாங்கள் பலூன் என்போம். என் வரியை அழித்துவிட்டு அந்தப் பலூனில் அவள் எழுதியது: “வந்துட்டியாம்மா? சரி சரி, சண்டைய போட்டுட்டு நகரு. பின்னாடி ஆளு நிக்குது பாரு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் நான் செய்தது பக்கம் கட்டியதும் ஒற்று போட்டதும். நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு காவலாளுக்கும் ஒரு பேச்சு வைத்தாள். ஒருவன் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான். ஒருவன் கடைத்தெருப் பாய் மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு “பேஜார்” போட்டான். ஆங்கிலத்தில் வெறுமனே “ம்” என்று இருந்த இடத்தில்கூட, கேமில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று யோசித்துத்தான் எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன்.

அச்சுக்குப் போகிற வாரம் பக்கங்களை மொபைலில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“என் பேரு எங்கண்ணா வரும்?”

“வீட்ல ஒருத்தர் பேரு வந்தா போதாதா?” என்றேன்.

“சரி” என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. உறுத்தாததற்குக் காரணமும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பாவும் அம்மாவும் கோர்வைப் புடவை நெய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் வருகிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் அம்மா இருந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிவாள். ஒரு எறி தப்பினால் புடவையே போச்சு. ஆனால் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் அப்பா மட்டும்தான். புடவை அப்பா நெய்த புடவை. ஒரு தடவை நல்ல வேலைப்பாடு என்று சங்கத்தில் அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவும் கை தட்டினாள், நானும் தட்டினேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். வேலை வீட்டுக்கு, பேர் ஒருத்தருக்கு. இதில் திருட்டு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. “சண்டைய போட்டுட்டு நகரு” என்று காலேஜ் பிள்ளைகள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். முதலாளி குளிர்ந்துபோய், “உங்க ஊர்லயே ஒரு வாசகர் சந்திப்பு வெச்சுடலாம்” என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் வைத்தோம். அம்மாவும் தங்கையும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். காலேஜில் படிக்கிறவள், கேமிலும் ஊறிப்போனவள் என்று பார்த்தாலே தெரிந்தது. “சார், எல்லாக் காவலாளும் அவளை ‘வா, போ’ன்றான். நாலாவது அடுக்குக்காரன் மட்டும் ‘வாங்க’ன்றான். ஏன் சார்?”

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு ‘வாங்க’ இருப்பதே அவள் சொல்லித்தான் கவனத்துக்கு வந்தது. நாலாவது வரிசையைப் பார்த்து, “அதை என் தங்கச்சியைத்தான் கேக்கணும்” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? “எழுதும்போது அந்தப் பாத்திரம் என்கிட்ட அப்படித்தான் பேசிச்சுமா” என்றேன். ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். தங்கை அம்மாவைத் தாண்டி என் பக்கம் குனிந்தாள். “மூணாவது பாகத்துல அந்த நாலாவது அடுக்குக்காரன் விளக்கு அணைஞ்சு இருட்டுல மாட்டிக்குவான்ணா. அவதான் வெளிய கூட்டிக்கினு வருவா. அந்த மரியாதைதான். இனிமே யாராச்சும் கேட்டா சொல்லு.” கோபமே இல்லை அவள் குரலில். நான் அடுத்த தடவை மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற கவலைதான் இருந்தது. செவிலிமேடு வந்து இறங்குகிற வரைக்கும் நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி. ஆபீஸில் இருந்தேன். எதிர் நாற்காலியில் முதலாளி, வாசகர் கடிதங்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. கேம்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருகிற ஒரு கம்பெனி. ஒரு அம்மா பேசினார். தமிழுக்கு ஆள் எடுக்கிறார்களாம். என் தங்கை வந்திருக்கிறாளாம். இந்தப் புத்தகத்தைக் காட்டி, ‘இது முழுக்க நான் எழுதியது, சந்தேகம் என்றால் என் அண்ணனிடமே கேளுங்கள்’ என்று நம்பர் கொடுத்தாளாம்.

“அவங்கதான் எழுதினாங்களா சார்?”

அவள் அந்த இன்டர்வியூவுக்குப் போவதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தயாராகி நல்ல பதில் சொல்லியிருப்பேன் என்று வைத்துக்கொள்ள ஆசைதான். உண்மையைச் சொல்ல என்ன தயாரிப்பு வேண்டும்? முதலாளி கடிதம் படிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது.

“கொஞ்சம் ஹெல்ப் பண்ணா மேடம்” என்றேன். “கேம் பத்தி டவுட்டு கேட்டா சொல்லுவா.”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். “யாரு?” என்றார் முதலாளி. “சொந்தக்காரங்க சார்” என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பொய்.

அன்று ரயிலில் வீடு வருகிற வரைக்கும் மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டே வந்தேன். முதலாளி எதிரே இருந்தார், திடீரென்று கேட்டார்கள், என்னத்தைச் சொல்ல என்று. வீட்டில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

“அவங்க உனக்கு போன் பண்ணப்போ நான் அங்கதான் உக்காந்துக்கினு இருந்தேன்ணா. ஸ்பீக்கர்ல போட்டாங்க.”

நறுக்கிய காயைத் தட்டில் ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

“மூணு பேரு இருந்தாங்க. அதுல ஒருத்தரு சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்ல. ஐயோ பாவம்னு சிரிச்சாரு. போய்ட்டு வாமான்னு அனுப்சுட்டாங்க.”

அவள் அழுதிருந்தால், என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் நானே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எழுதியது முழுக்க அவள்தான், நேற்று நான் சொன்னது பொய் என்றேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சார், நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. உங்க தங்கச்சிக்கு வேலை கிடைக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும், புரியுது” என்றார். உண்மையைச் சொல்லியும் பொய்க்காரன் ஆனேன். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

முதலாளியிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. “அடுத்த பதிப்புல பேரை மாத்திடு. ரெண்டாவது புத்தகத்துக்கு நான் அந்தப் பொண்ணுகிட்டயே பேசிக்கறேன்” என்றார். அன்றைக்கு அவர் எனக்கு டீ சொல்லவில்லை.

அப்பா இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அம்மா மட்டும் ஒருநாள், நான் சாப்பிடும்போது ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “என் பேரு எங்கன்னு நான் உங்கப்பாவ கேட்டதில்ல. அவ உன்ன கேட்டா இல்ல?” அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டாவது புத்தகத்தை அவள் தனியாகவே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உள் அறையில் உட்கார்ந்து எழுதுவாள், கதவு திறந்துதான் இருக்கும். நான் போகமாட்டேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போனபோது, “அண்ணா, இங்க ஒருத்தன் பயந்துக்கினே வீறாப்பு பேசணும், என்ன சொல்லுவான்?” என்று கேட்டாள். நின்ற இடத்திலிருந்தே இரண்டு வரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை மறந்தும்விட்டேன்.

போன மாதம் அந்தப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். அதுதானே என் வேலை. ‘தமிழில்’ என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தேன். ஒரு எழுத்துக்கு இரண்டு தடவை சரிபார்த்து அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் காட்டினேன். பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். அதில் ஐம்பத்து மூன்றாம் பக்கம் என்று எழுதி, இரண்டு பலூனுக்கு எதிரே ‘அண்ணன் சொன்னது’ என்று குறித்திருந்தாள்.

“இந்த ரெண்டும் உன்னுதுண்ணா. உன் பேரு இதுல எங்க போடணும், சொல்லு.”

குத்திக்காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். கையில் பேனாவை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.