யானை போன ஓட்டை

ஏன்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா? பொழுது போகலன்னா அந்த வெங்காயத்த உரி. நான் எம்ப்ராய்டரி மிஷின் ஓட்டுன கத ஒனக்கெதுக்கு? சரி, கேட்டுத் தொலை. நடுவுல சிரிச்சா நிப்பாட்டிருவேன்.

ரெண்டாயிரம் பொறந்த புதுசு. பெரியகுளத்துல ஒரு கடையில வேல. பச்சப்பிள்ளைக சட்டையில பூவு, பொம்ம போட்டுக் குடுப்போம். பனியன் துணி இருக்கே, இழுத்தா வரும், விட்டா ஓடிரும். ஃபிரேம்ல இழுத்து மாட்டி யானை போட்டா, கழட்டுனதும் எலியாயிரும். தொய்வா மாட்டி, அடியில பேப்பர் குடுக்கணும். முக்கியமா, முன்பக்கத்த மட்டும் ஊசிக்குக் காட்டிட்டு, பின்பக்கத்தச் சுருட்டி கிளிப்பு போட்டு ஒதுக்கணும்.

தேவதானப்பட்டியிலருந்து முருகேசன்னு ஒரு டெம்போ டிரைவர் வந்தான். ரொம்ப வருசம் கழிச்சு அவன் தங்கச்சி சரசுக்குப் பிள்ள. பேரு வைக்கிற அன்னைக்கு தாய்மாமன் சட்ட போடணும்ல?

"நல்ல யானையா போடுங்க ஆத்தா. அந்த மாமியாகாரி இத்தன வருசமா எந்தங்கச்சிய மலடின்னே கூப்பிட்டா. அன்னைக்கு நம்ம சீருல ஒரு கொற கண்டுபிடிச்சா, அவள மறுபடி பேசியே கொன்னுருவா."

அப்பத்தான் எங்க மொதலாளி கம்ப்யூட்டர் மிஷின் வாங்கியிருந்தாரு. ஒரே அலட்டல். "தள்ளு ஆத்தா, நான் போடுறேன்"னாரு.

"பின்பக்கத்த ஒதுக்குனீகளா மொதலாளி?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதா அதெல்லாம்?"

தெரியும் போலன்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன். யானை அம்சமா வந்துச்சு. இஸ்திரி போட்டு, கவர்ல வச்சு, பின் குத்திக் குடுத்திட்டாக.

முருகேசன் கூப்பிட்டான்னு விசேசத்துக்கு நானும் சாப்பிடப் போனேன். மாமியாகாரி பேரன் தலையில சட்டைய மாட்டுறா, எறங்க மாட்டேங்குது. பிள்ள வீல்னு கத்துது. உள்ள கைய விட்டா, யானைகிட்டப் போயி கை முட்டி நிக்குது. முன்னயும் பின்னயும் சேத்துத் தச்சு வச்சிருக்காரு மனுசன்! சட்டையில்ல அது, தலகாணி ஒற.

"அடியாத்தி! எம்பேரன் நுழையக் கூடாதுன்னு பூட்டி அனுப்பியிருக்காக பாருங்க. இவ பொறந்த வீட்டு லச்சணம் இதுதான்!"

சரசு கண்ணுல தண்ணி நிக்குது. முருகேசன் என்னையப் பாக்குறான். நான் எச்சிக் கையோட எந்திரிச்சேன்.

"பூட்டாம என்ன செய்வாக? மாமன் வெட்டித் தொறக்குறதுதான மொற?"

"எந்த ஊரு மொற?"

"திருப்பூர் மொற."

"நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"நீ எந்தக் காலத்துல பனியன் தச்ச? பனியனுக்கு மொற பனியன்காரனுக்குத்தான தெரியும்!"

யோசிக்க விடாம, சுருக்குப் பையிலருந்து நூல் வெட்டுற கத்திரிய எடுத்து முருகேசன் கையில குடுத்தேன். "பின்பக்கத் துணிய மட்டும் யானையச் சுத்தி வெட்டு தம்பி. ஏய், கொலவ போடுங்கடி!" பொம்பளைக போட்டாளுக பாரு கொலவ, பிள்ளயே அழுகைய நிப்பாட்டிருச்சு.

சட்ட எறங்கிருச்சு. முன்னால யானை. பின்னால யானை போன ஓட்டை. தும்பிக்க, வாலு எல்லாம் அப்படியே வெட்டிட்டான் பாவி. அதுக்குள்ளாற பிள்ள முதுகு பளபளன்னு தெரியுது.

"இந்த ஓட்டை?"ன்னா மாமியாகாரி.

"திருஷ்டி உள்ள போனா வெளிய வர வழி வேணாமா?"

அம்புட்டுத்தான். கொஞ்ச நேரத்துல அவளே பேரனத் திருப்பித் திருப்பிக் காட்டி, "எம்மருமக பொறந்த வீட்டுல மொற தெரிஞ்சவுக"ங்குறா. சரசு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குறா. அழுகுறான்னு நெனச்சாக. சிரிச்சா.

மறுவாரம் அந்த மாமியாகாரி சொந்தக்காரிகளக் கூட்டிட்டு கடைக்கே வந்துட்டா. ஆளாளுக்குப் பூட்டுன சட்ட வேணுமாம். மொதலாளி என் காதுல, "இப்ப வேணும்னே தப்பாத் தைக்கணுமா ஆத்தா?"ங்குறாரு. "நீங்களே தைங்க மொதலாளி, ஒங்களுக்குத்தான் கைவந்திருக்கு"ன்னேன்.

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: சின்னச் சட்டைய மடிக்கிறதுக்கு முந்தி உள்ள கைய விட்டுப் பாத்துரணும்.

எங்க தெருப் பொம்பளைக மட்டும் நம்பல. "நெசமாவே திருப்பூர்ல இப்படியாக்கா?"ன்னு கேட்டாளுக. நான் திருப்பூரக் கண்டேனா? "பச்சப்பிள்ளைக்கு மட்டுமாடி, அங்கன பெரியாம்பளைக்கும் முதுகுல ஓட்டை உண்டு. நம்பலன்னா, பனியன் விக்க வர்றவனச் சட்டையக் கழட்டச் சொல்லிப் பாருங்க"ன்னேன்.

அதுலருந்து எங்க தெருவுக்குள்ள பனியன் யாவாரி ஒருத்தனும் வர்றதில்ல.