மஞ்சள் பூசாத குழந்தை

இந்த ஊரில் பிள்ளை பெற்றவளின் அறையில் சன்னலை விரியத் திறந்துவைக்கிறார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. காற்று அடிக்கும், கண் படும் என்று நான் திரையை இழுத்து மூடுவேன். சீன நர்ஸ் சிரித்துக்கொண்டே திறப்பாள். இரண்டாம் நாள் காலை அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் நெற்றியை விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. "கூனிங்" என்றாள். மலாய் மொழியில் அது மஞ்சள் நிறம். மஞ்சள் பூசிவிட்டேன் என்று திட்டுகிறாளாக்கும் என எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் பூசவில்லை என்று கத்தினேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழ் ஆயா நிமிர்ந்தாள். "பூசலைன்னு அவங்களுக்குத் தெரியும்மா. அதனாலதான் பயப்படறாங்க."

டாக்டர் சொன்னதையும் அவளே எனக்குத் தமிழில் சொன்னாள். என் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் ஒத்துப்போகவில்லையாம். இந்த மஞ்சள் அளவுமீறினால் மூளைக்குள் இறங்கிவிடுமாம். பால் குடிக்காது, கீச்சென்று அழும், முதுகு பின்னால் வளையும். பிழைத்தாலும் காது போகும், கைகால் சொன்னபடி கேட்காது. அந்த மனிதர் பார்த்தே இராத என் மூத்த மகளைப் பற்றியல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்!

ஆறு வருஷத்துக்கு முன் குருபரப்பள்ளியில், கம்பளி தொங்கவிட்ட இருட்டறையில் லட்சுமி பிறந்தாள். என் நாத்தனார் தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். "தங்கமாட்டம் நெறம் ஏறிக்கினு வருது. நீயே கண்ணு வெச்சிடாதே" என்றாள். இருவரும் சிரித்தோம். ஐந்தாம் நாள் உடம்பு வில்லாக வளைந்தது. பறவை நிழல் பட்ட பட்சி தோஷம் என்று தாயத்து கட்டினோம். உயிர் தங்கியது, காது போய்விட்டது. கிருஷ்ணகிரி பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் குணமாக்கியிருப்பார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருதரம் வெளிச்சத்தில் வைத்துக்கூடப் பார்க்கவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சின்னவளுக்குத் தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஊரிலுள்ள பெண்களே, பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் பூசாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

லட்சுமி இப்போது குருபரப்பள்ளியில் என் அக்காவிடம் இருக்கிறாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டபோதே அவளுக்குக் கேட்டதில்லை. இருந்தாலும் தினம் ஒருமுறை கடல் பக்கம் பார்த்து, "லட்சுமி" என்று வாய்விட்டுக் கூப்பிடுகிறேன். தொட்டிலிலிருந்து சின்னவள் திரும்பிப் பார்க்கிறாள்.