பூஜையில் வைத்த கேமரா

மருமகள் என் செல்போன் கேமராவின் மேலேயே சந்தனம் வைத்துப் பூஜையில் அடுக்கியிருந்தாள். "அதை ஏன் தொட்ட?" என்று கத்திவிட்டேன்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். பள்ளியை விட்டுவிட்டுப் பம்பாய்த் தாராவியில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் புறப்பட்ட மாமா தன் பெட்டிக் கேமராவைத் தந்து, "படம் நல்லா வந்தா போட்டோ ஸ்டுடியோல வேலைக்குச் சேத்துவிடுதேன்" என்றிருந்தார். பழைய பத்திரிகைகளைப் படித்தேன், மாட்டுங்காவில் தமிழ்ப் படம் போட்டால் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் மாகிம் கழிமுகச் சேற்றில் கொக்குகளுக்காக நின்றேன். ஒரே பிலிம் சுருள், பன்னிரண்டு படம். பதினொன்று எடுத்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்குப் பக்கத்தில், என் பத்திரிகைக் கட்டின் மேல், கேமரா பொட்டோடு இருந்தது.

"உள்ள ஒரே தூசியா இருந்துச்சுல. அந்தச் சுருளையும் உருவித் தொடச்சு வச்சேன்," என்றாள் அம்மா.

"வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சும்மா!"

"கொக்கு எங்கல போவப்போவுது? நாளைக்கும் அங்கனதான் நிக்கும்."

நின்றன. இன்னொரு சுருளுக்குத்தான் வழியில்லை. தீபாவளிக்கு வந்த மாமா கேமராவை வாங்கிக்கொண்டார். நான் தோல் பட்டறைக்குப் போனேன்.

"தொடச்சா போயிடும் மாமா," என்று மருமகள் போனைத் துடைத்து நீட்டினாள். கறை இல்லை. அவள் மேல் கோபமும் இல்லை. அம்மா மேல்தான் இன்னும் இருக்கிறது.