இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஜெனிட்டா

முனிசாமி பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் ஜெனிட்டாவின் சாப்பாட்டுப் பை முன்பக்கம் சாய்கிறது. பூஞ்சேரியில் பஸ் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் பையை மாட்டுவாள். பக்கத்தில் பாகைமானியைப் பிடித்துக்கொள்வாள். எவ்வளவு சாய்வோ அவ்வளவு முரட்டு பிரேக். திருப்போரூர் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"அண்ணாத்த, இன்னிக்கி இருவத்திரண்டு டிகிரி. சாம்பாரும் ரசமும் ஒண்ணாயிடுச்சி."

"மாடு குறுக்க வந்துச்சும்மா. அத்த சேத்துக்காத" என்று முனிசாமி கெஞ்சுவார். பத்து டிகிரிக்குக் கீழே வந்த நாளில் கேளம்பாக்கம் வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டுவார்.

கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. அம்மா சாராள் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை துடைக்கும் வேலை. "எம்பொண்ணு ரெண்டு படிப்பு படிச்சிகினு கீது" என்று தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எதிர் வீட்டு சகுந்தலாவுக்கு அதில் ஒரு சந்தேகம்.

"ஒண்ணுல பெயிலானா இன்னொண்ணு கைவசம் கீது, அப்டித்தானே?"

"இல்லக்கா, ஒண்ணு வுழுந்தா இன்னொண்ணும் கூடவே வுழுந்துடும்" என்றாள் ஜெனிட்டா.

அந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் முதல் ஆண்டே பி.காமுக்கு ஓடிவிட்டார்கள். ஆக வகுப்பு என்றால் ஜெனிட்டா. ஜெனிட்டா என்றால் வகுப்பு. பாடத்துக்கு மட்டும் கணித மாணவர்களோடும் இயற்பியல் மாணவர்களோடும் மாறி மாறிப் போய் உட்காருவாள். ஆனால் அவளைத் தன் பிள்ளை என்று சொல்ல எந்தத் துறைக்கும் மனமில்லை. விடைத்தாளில் 'ஏறத்தாழ' என்று எழுதினால் கணிதத் துறைத் தலைவி அமிர்தவல்லி சிவப்பு மையால் சுழித்து, "இது பிசிக்ஸ்காரங்க புத்தி" என்பார். ஆய்வகத்தில் ஒரு சமன்பாட்டுக்கு நிரூபணம் கேட்டால் இயற்பியல் துறைத் தலைவர் கேசவன், "இந்தக் கணக்குப் பொண்ணு கம்பியைத் தொடவே மாட்டேங்குதே" என்று கூரையைப் பார்ப்பார். ஜெனிட்டா கணித வகுப்பில் கேசவனைப்போல் இருமிக் காட்டுவாள். ஆய்வகத்தில் அமிர்தவல்லியைப்போல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் காட்டுவாள். இரண்டு இடத்திலும் கைதட்டல் உண்டு.

சிரிப்புக்கு இடமில்லாமல் போனது இந்தப் பருவத்தில்தான். கால அட்டவணை போடுபவர் துணை முதல்வர் பக்தவத்சலம். இரண்டு துறைகளின் பழைய அட்டவணையையும் அப்படியே ஒட்டிவிட்டார். செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு அமிர்தவல்லியின் வகுப்பு ஒரு கட்டடத்தில், கேசவனின் ஆய்வகம் இன்னொரு கட்டடத்தில். நடுவே வாலிபால் மைதானம். ஜெனிட்டா மூன்று முறை மனு கொடுத்தாள். "பாக்கறேம்மா" என்று மூன்று முறையும் பதில் வந்தது. வேறு வழியின்றி அரை மணி இங்கே, அரை மணி அங்கே என்று மைதானத்தில் ஓடினாள். பாதியில் வருகிறவர்களுக்கும் பாதியில் போகிறவர்களுக்கும் வருகைப்பதிவு இல்லை என்பதில் மட்டும் இரண்டு துறைகளும் ஒற்றுமையாக இருந்தன.

பருவ முடிவில் பட்டியல் ஒட்டினார்கள். வருகை போதவில்லை, தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போச்சு. பக்தவத்சலம் ஆறுதலாகத்தான் சொன்னார்: "பேசாம மேக்ஸை மட்டும் வெச்சுக்கோ. பிசிக்ஸை விட்டுடு. எதுக்கு ரெண்டு?"

அன்று மாலை பஸ்ஸில் அவள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா, இன்னிக்கி மார்க்கு கெடயாதா?" என்று முனிசாமி திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதை விடுவது? கணக்கை விட்டால் காரணம் போய்விடும். இயற்பியலை விட்டால் உலகமே போய்விடும். பூஞ்சேரி நிறுத்தத்தில் இறங்கும்போது கண் காய்ந்திருந்தது. கடைவாயில் ஒரு சிரிப்பும் ஒட்டியிருந்தது.

கல்லூரி அறிவியல் மன்றத்தின் செயலாளரும் அவள்தான். மறுநாளே இரண்டு அழைப்புக் கடிதங்களை பக்தவத்சலத்தின் மேசையில் வைத்தாள். கணிதத் துறைக் கண்காட்சியைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைக்க வேண்டும். இயற்பியல் துறைக் கருத்தரங்கில் தலைமையுரை ஆற்ற வேண்டும். அவர் இரண்டிலும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். கடிதத்தில் தன் பெயரைத் தவிர எதையும் அவர் படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிடம். அவர் அறை வாசலில் அமிர்தவல்லி பொன்னாடையோடு நின்றார். பக்கத்திலேயே கேசவன், அவரும் பொன்னாடையோடு.

"சார், வெளக்கேத்தணும். எல்லாரும் வெய்ட் பண்றாங்க."

"மேடம், சார் எங்க ஹாலுக்கு வர்றார். பத்து மணிக்குத் தலைமையுரை."

பக்தவத்சலம் கடிதங்களைத் தேடி எடுத்து, முதல் முறையாக முழுதும் படித்தார். "ஜெனிட்டா!"

அவள் கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள்.

"ரெண்டும் பத்து மணிக்கு வெச்சிருக்கியே, ஒரே ஆளு ரெண்டு பில்டிங்ல எப்படிம்மா இருக்க முடியும்?"

"அரை மணி அங்க, அரை மணி இங்க இருங்க சார்."

"சரி, அப்படியே செய்வோம்" என்று அவர் எழுந்தேவிட்டார்.

"ஆனா சார், பாதியில வந்தா நீங்க வந்ததாவே எழுத மாட்டாங்க. பாதியில போனாலும் அதேதான். ரெண்டு ரிப்போர்ட்லயும் 'சிறப்பு விருந்தினர் வரவில்லை'ன்னுதான் போடணும். நம்ம காலேஜ் ரூலு." அவள் கதவை விட்டு முன்னால் வந்தாள். "ஒரு பருவம் முழுக்க எனக்கு அப்டித்தான் சார் போட்டாங்க."

அமிர்தவல்லி கேசவனைப் பார்த்தார். "உங்க லேப்ல இருந்துதான் அப்படி மூச்சு வாங்க ஓடி வந்தாளா?"

"நான் உங்க கிளாஸுக்குப் பயந்து ஓடறான்னு நெனச்சேன் மேடம்."

பக்தவத்சலத்தின் காது சிவந்தது. "இது விஷமம்!" என்றார். அவள் மறுக்கவில்லை. "ஆமா சார்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அட்டவணையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வாலிபால் மைதானத்தில் ஓடிய மணிகள் அத்தனையும் இரண்டு துறைகளிலும் வருகையாக எழுதப்பட்டன. அடுத்த பருவத்திலிருந்து ஆய்வகம் புதன் பிற்பகலுக்குப் போனது. அவர் விளக்கை ஏற்றிவிட்டு, உரைக்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் அலுவலக ஜன்னலில் தேர்வு அனுமதிச் சீட்டு கிடைத்தது. படிப்பு என்ற கட்டம் சிறியது. 'பி.எஸ்சி. கணிதம்' என்பதோடு அச்சு நின்றுவிட்டிருந்தது. ஜெனிட்டா எழுத்தரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அவர் "ஏ, ஏ, இன்னா பண்ற?" என்று எழுவதற்குள் 'மற்றும் இயற்பியல்' என்று எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி அவளுடைய புகைப்படத்தின் தோள்மேல் ஏறின. மை காய, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து நிதானமாக ஊதினாள்.