ஈலியில் ஓர் அர்ச்சனை

காலை 8.55, ரெய்னர்ஸ் லேன் சுரங்க ரயில் நிலையம். முதியோருக்கான இலவசப் பயண அட்டை வார நாட்களில் ஒன்பது மணிக்கு முன் செல்லாது. ஆகவே ஐந்து நிமிடம் தடுப்புக் கதவுக்கு முன்னால் நிற்கவேண்டும். எங்களோடு இன்னும் நான்கு முதியவர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"முந்திப் போனால் பிடிச்சு மறியலுக்குள்ளை அடைச்சுப்போடுவினமோ?" என்று பவளம் கேட்டாள். பவளம் என் மனைவி.

"போடமாட்டினம். கதவு திறக்காது. அவ்வளவுதான்."

"அதுக்கேன் இப்பிடி விறைச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

இலண்டனின் ஒரு கவுன்சிலில், கட்டட அனுமதிப் பிரிவில், இருபத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சமையலறையைப் பின்பக்கம் நீட்ட விரும்பிய ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறேன்: கையொப்பம் இடுவதற்கு முன்னர் முழுவதையும் வாசியுங்கள். அதைச் சொல்வதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். பவளத்தின் கழுத்தில், தைரொயிட் சுரப்பியில், ஒரு கட்டி. வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. இலண்டனுக்கு வடக்கே ஈலி என்ற சிறு நகரத்துப் பேராலயத்தை நிறுவிய அரசி கழுத்தில் கட்டி வந்து இறந்தவர், தொண்டை வருத்தக்காரர் இன்றும் அவரை வேண்டுகிறார்கள் என்று சட்டன் என்ற இடத்தில் இருக்கும் அவளுடைய சிநேகிதி சொல்லியிருந்தாள். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் பின்னிற்பதில்லை. ஆங்கிலேய அரசியையும் அந்த வரிசையில் சேர்ப்பதில் பவளத்துக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் என்னுடையது. வைத்தியசாலை தந்த ஆறு பக்கப் பிரசுரத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவன் நான். ஒரு பாடசாலைச் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள் அவள். ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கவும் சிரிக்கவும் தெரியும். வைத்தியசாலை ஆங்கிலத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுவாள். நாலாம் பக்கத்தில் ஒரு வரி: சுரப்பிக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கெடலாம், மிகச் சிலருக்கு அது நிரந்தரமாகவும் போகலாம். அந்த வரியை வாசிக்காமல் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டேன். எட்டு நாளாயிற்று. வியாழன் காலை அவள் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று பிரசுரத்தையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தேன்.

காலை 10.42, கிங்ஸ் குரொஸ். முதியோர் கட்டணக் கழிவு போக, அதே நாளில் திரும்பும் சீட்டு ஆளுக்கு இருபத்தொன்பது பவுண் முப்பத்தைந்து பென்ஸ். ஒரு மணி பத்து நிமிடப் பயணம். ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வருமுன்னரே பவளம் பாரிஸில் இருக்கும் தங்கையை அழைத்துவிட்டாள். பவளத்தின் தொலைபேசி உரையாடலுக்குத் தொலைபேசி தேவையில்லை என்பது என் நீண்டநாள் அபிப்பிராயம். முன் ஆசனத்தில் பத்திரிகை வாசித்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வழக்கம்போல அவளுடைய முழங்கையைத் தொட்டேன். தொட்டால் குரலைக் குறைக்கவேண்டும் என்பது எங்களுக்குள் நாற்பத்தொரு வருட ஏற்பாடு. அரை நிமிடம் குறைத்தாள்.

கேம்பிரிட்ஜில் பெட்டி காலியாயிற்று. தொலைபேசியும் ஓய்ந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"அங்கை பாருங்கோ," என்றாள். "ஆனையிறவு மாதிரிக் கிடக்கு."

வெளியே கண்ணுக்கு எட்டியவரை தட்டை நிலம், கறுப்பு மண், நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்கள். ஒரு காலத்தில் இது முழுவதும் சதுப்பு; பின்னர் நீரை வடித்து வயலாக்கினார்கள். அந்தத் தட்டையின் நடுவே, தரை தட்டிய கப்பலைப் போல, ஈலிப் பேராலயம் எழுந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொல்லவேண்டியது பின்போயிற்று.

நண்பகல் 11.52, ஈலி. நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை, சிறிய ஏற்றம். ஆங்கிலத்தில் 'ஈல்' எனப்படும் விலாங்கு மீன்களால் வந்த பெயராம் ஈலி. இப்போது ஆற்றங்கரையில் விலாங்கைவிடத் தேநீர்க் கடைகள் அதிகம். இரண்டு தேநீர், ஒரு ஸ்கோன், பத்துப் பவுண் நாற்பது.

"பத்துப் பவுணுக்கு நான் ஒரு வகுப்புக்கே சமைச்சிருப்பன்," என்றாள். பரிமாறிய பெண்ணிடம் அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தானும் இங்கே சாப்பிடுவதில்லை என்றாள். இப்படி ஐந்து நிமிடத்தில் ஆட்களைச் சிநேகிதமாக்குகிற குரலைப் பற்றித்தான் நான் பேசவேண்டியிருந்தது. ஸ்கோனைச் சாப்பிட்டு முடித்தேன்.

பிற்பகல் 1.15. மாலை வழிபாட்டுக்கு வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. நாலு மணித்தியாலம் பொறுத்தால் இலவசம் என்று விளக்கினேன்.

"சாமி கும்பிட வந்த இடத்திலையும் ஒன்பது மணிக் கதவோ?" என்றாள். சீட்டு வாங்கினேன்.

வாசலில் அவள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"இஞ்சை கழட்டத் தேவையில்லை."

"கோயில்தானே?"

"கோயில்தான். குளிரும்."

உள்ளே தொண்டர் ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கும், எங்களை நடுக்கோபுரத்தின் கீழே கொண்டுபோய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். எழுநூறு வருடங்களுக்கு முன் ஓர் இரவில் இங்கிருந்த கற்கோபுரம் முழுவதுமாக இடிந்து விழுந்தது. விழுந்ததைப் போலவே திருப்பிக் கட்டுவதற்கு அத்திவாரம் இடம் கொடுக்காது என்று கண்ட துறவிகள், நாலு தூண்களுக்குப் பதிலாக எட்டுத் தூண்களை விரித்து எழுப்பி, நாடெங்கும் தேடிப் பிடித்த எட்டுப் பெரிய ஓக் மரங்களை மேலே தூக்கி, வெளிச்சம் இறங்குகிற எண்கோணக் கூடு ஒன்றைச் செய்தார்கள். நான் இருந்த மேசைக்கு இந்த வரைபடம் வந்திருந்தால் முதற்பார்வையிலேயே நிராகரித்திருப்பேன். பாரம் எங்கே இறங்குகிறது என்று இப்போதுகூட எனக்கு முழுதாக விளங்கவில்லை.

அரசியின் சமாதியைத் தேடினோம். பலிபீடத்துக்கு முன், தரையில் ஒரு கருங்கற் பலகை, சுற்றிவர மெழுகுதிரிகள். இந்த இடத்தில் சமாதி இருந்தது என்று பொறித்திருந்தது.

"இருந்ததோ? அப்ப இப்ப இல்லையோ?"

"இல்லை. மதச் சண்டையிலை உடைச்சுப்போட்டினம்."

"உடைச்சால் ஆள் போயிடுமோ?" என்று சொல்லிவிட்டு அவள் பலகையை மூன்று முறை சுற்றி வந்தாள். தொண்டர் தூரத்தில் நின்று பார்த்தார்.

பக்கத்துச் சிற்றாலயத்தில் மெழுகுதிரித் தட்டும், வேண்டுதல் எழுதிக் குத்தும் பலகையும் இருந்தன. பவளம் திரியை ஏற்றிவிட்டு எனக்கு ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினாள்.

"பேரும் நட்சத்திரமும் எழுதுங்கோ. சதயம்."

"இவைக்கு நட்சத்திரம் விளங்காது."

"ஆருக்கு விளங்கவேணுமோ அவவுக்கு விளங்கும். எழுதுங்கோ."

எழுதினேன். அவள் திரும்பவும் திரிக்கு முன்னால் போய்க் கண்ணை மூடினாள். கடதாசியில் இன்னும் மூன்று கோடுகள் வெறுமையாக இருந்தன. வெற்றிடம் உள்ள படிவத்தைத் திருப்பிக் கொடுப்பது என் பழக்கமல்ல. வியாழனன்று கழுத்தில் சத்திரசிகிச்சை என்றும், அவளுடைய குரல் போய்விடக்கூடாது என்றும் ஆங்கிலத்தில் எழுதி, மடித்து, பலகையில் குத்தினேன். எட்டு நாளில் முதல் தடவையாக அதை ஒரு கடதாசிக்காவது சொல்லியிருந்தேன். பலகையின் மேல், எழுதப்படுபவை மாலை வழிபாட்டில் வாசிக்கப்படும் என்ற அறிவித்தல் இருந்தது. அதையும் வாசித்தேன். எங்கள் கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தால் ஐயர் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுவார். என்னத்துக்காக என்பது கும்பிடுகிறவருக்கும் சாமிக்கும் இடையில் உள்ள விஷயம். இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை 5.30. பாடகர் குழுவுக்குப் பின்னால், செதுக்கு வேலை செய்த மர ஆசனங்களில் எங்களையும் இருத்தினார்கள். வந்திருந்தவர்கள் இருபது பேர் மட்டில். பாட்டு அந்தக் கல் முகட்டுக்குப் போய் ஆறுதலாகத் திரும்பி வந்தது. பவளம் கைகூப்பியபடியே இருந்தாள். பாட்டு முடிந்ததும் வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண் குரு எழுந்து, அன்று எழுதப்பட்ட வேண்டுதல்களை வாசிக்கத் தொடங்கினார். முதலாவது, ஒருவருடைய தந்தையின் இளைப்பு நோய்க்காக. அது முழு விபரத்தோடும் வந்தபோதே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. எழுந்துபோய் நிறுத்துவதற்கு அங்கே ஒரு நடைமுறையும் இல்லை.

பவளத்துக்காகவும் சதயத்துக்காகவும் மன்றாடுவோம் என்றார், இரண்டு பேரையும் மிகுந்த கவனத்தோடு உச்சரித்து. வியாழக்கிழமை பவளத்துக்கு நடக்கும் சத்திரசிகிச்சைக்காக. அவர் தன் குரலை இழந்துவிடாதிருப்பதற்காக.

எல்லோரும் ஆமென் என்றார்கள். பவளம் கூப்பிய கையை மடியில் இறக்கிவைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை 6.20. இறக்கம் முழுவதும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ரயில் மேடைக்கு வந்து இருந்த பின்னர்தான் வாய் திறந்தாள்.

"அந்தப் பேப்பர் பைக்குள்ளை இருக்குதோ?"

"ஓம்."

"நாலாம் பக்கம்தானே?"

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"நாலிலை வரேக்கை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சனீங்கள். துடைச்சுப் போட்டு ஐஞ்சை வாசிச்சனீங்கள். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கடைசியிலை வெள்ளைக்காரியைக் கொண்டு சொல்லுவிச்சிருக்கிறியள்."

"அவ பேரை மட்டும் சொல்லுவா எண்டு நினைச்சன்."

"ஏன், அவ ஐயரோ?"

ரயில் வந்தது. ஏறியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாலாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் வாசித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தித் திருப்பி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஏன் ஒளிச்சனீங்கள்?"

"கேட்டால் நீர் ஒப்பரேசன் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயந்தன்."

"வேண்டாம் எண்டாலும் அது நான் சொல்லவேண்டியதெல்லோ? கையெழுத்து என்ரை."

இந்தக் கருத்தையே நான் இருபத்தேழு வருடம் ஊராருக்குச் சொல்லி வந்தேன்.

கேம்பிரிட்ஜுக்குப் பின் அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, இருட்டுப்பட்டிருந்தது. நாற்பத்தொரு வருடமாக நான் விரும்பிக் கேட்ட அமைதியான ரயில் பயணம் அன்று கிடைத்தது. முக்கால் மணித்தியாலம். இனி அதைக் கேட்கமாட்டேன்.

எங்கள் கோயிலில் அர்ச்சனை முடிந்து, விபூதி வாங்கி, மனத்தில் சுமந்துகொண்டு போன கவலையை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவோம். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அது ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். ஈலியில், முன்பின் அறியாத இருபது பேர் அவளுடைய குரலுக்காக ஆமென் சொன்னார்கள். அதிலே எதற்கு என் மனம் கூசியது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இலண்டன் வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியபோது பவளம் தொலைபேசியை எடுத்தாள். பாரிஸ்.

"ஓமடி, போட்டு வாறம். நல்ல பெரிய கோயில். எனக்கும் கும்பிட்டவை, சதயம் எண்டு இன்னொரு பெடிச்சிக்கும் சேர்த்துக் கும்பிட்டவை." தங்கை சிரித்தது எனக்கும் கேட்டது. "இஞ்சை கேள். குரல் போனாலும் போகுமாம். ஓம். கத்தாதை. நான் யோசிச்சிட்டன், வியாழக்கிழமை கையெழுத்து வைக்கப்போறன். அதுக்கு இன்னும் முழுசா ஒரு நாள் கிடக்கு. உன்னோடை கதைக்கவேண்டியது கனக்க இருக்கு, போனை வையாதை."

அவளுடைய குரல் ரயில் பெட்டியின் மறுகோடிவரை போயிற்று. இரண்டு வரிசை தள்ளி இருந்த ஒருவர் நிமிர்ந்து, முதலில் அவளையும் பிறகு என்னையும் பார்த்தார். அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். பவளத்தின் முழங்கை என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை.